ஒன்பதாம் உறுப்புரையை என்ன செய்வது?

புதிய அரசியலமைப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம், கொழும்பில் தமிழ் பேசுவோர் நாலு பேர் கூடிய இடத்தில் அதிகாரப் பகிர்வு முதலில் வரும், மொழி அடுத்து வரும், மதம் பற்றிய கேள்வி தேநீர் ஆறிய பிறகுதான் வரும். இந்த முறை எங்களுக்கு அதுவே முதலில் வந்தது. வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டம், பொதுமக்களின் கருத்து மறுபடியும் கேட்கப்பட்டால் கையில் இருக்கட்டும் என்று ஒரு முன்மொழிவைத் தயாரிக்கத் தீர்மானித்து, மதத்துக்கும் அரசுக்கும் உள்ள உறவு பற்றிய பகுதியை என்னிடம் ஒப்படைத்தது. வட்டத்தில் சைவரான ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர், புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர், கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் கத்தோலிக்க ஆசிரியை ஒருவர், எந்தச் சாமியையும் கும்பிடாத இளம் சட்டத்தரணி ஒருவர். நான் அரச திணைக்களம் ஒன்றில் நெடுங்காலம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன. அவற்றை ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்குத் தெளிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாசகம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை, பௌத்த மதத்துக்கு இலங்கைக் குடியரசு முதன்மைத்தானம் வழங்க வேண்டும் என்றும், அதற்கிணங்கப் பௌத்த சாசனத்தைப் பாதுகாத்துப் பேணி வளர்ப்பது அரசின் கடமை என்றும் கூறி, 10ஆம் உறுப்புரையும் 14(1)(உ) உறுப்புரையும் தரும் உரிமைகளை எல்லா மதங்களுக்கும் உறுதிப்படுத்துகிறது. 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றின் சுதந்திரம் பற்றியது. விரும்பிய மதத்தைத் தழுவும் உரிமையும் அதில் அடக்கம். அதை மட்டுப்படுத்த அரசியலமைப்பு எந்த வழியும் வைக்கவில்லை. 14(1)(உ), அந்த மதத்தைத் தனியாகவோ கூட்டாகவோ வழிபாட்டாலும் அனுட்டானத்தாலும் போதனையாலும் வெளிப்படுத்தும் சுதந்திரத்தைத் தருகிறது. இது பிரசைகளுக்கு மட்டுமே உரியது, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம் முதலிய காரணங்களுக்காகச் சட்டத்தின் மூலம் மட்டுப்படுத்தப்படக்கூடியது.

இந்த வாசகம் ஒரே நாளில் முளைத்ததன்று. 1815ஆம் ஆண்டு கண்டி உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவில் பௌத்த மதம் மீறப்படாமல் பேணப்படும் என்று பிரித்தானியர் ஒப்புக்கொண்டு, பிறகு மிஷனரிமாரின் நெருக்குதலால் அந்தப் பொறுப்பிலிருந்து படிப்படியாகக் கழன்றுகொண்டனர். 1881ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் அங்கிலிக்கன் திருச்சபைக்கு அரச கருவூலத்திலிருந்து போய்க்கொண்டிருந்த மானியத்தையும் நிறுத்த ஏற்பாடாயிற்று. திருச்சபையை அரசிலிருந்து பிரிப்பது என்பது பிரான்சிலிருந்து நாம் இறக்குமதி செய்ய வேண்டிய சரக்கு என்று நினைப்பவர்கள், பிரான்சின் சட்டம் 1905இல்தான் வந்தது என்பதைக் கவனிக்கலாம். கொழும்பு அதற்கு முன்பே ஒரு பிரிவினையைப் பார்த்துவிட்டது. 1948இல் வந்த சோல்பரி அரசியலமைப்பு எந்த மதத்துக்கும் முதன்மை தரவில்லை. அதன் 29(2) பிரிவு, ஒரு மதத்தவருக்கு மட்டும் தடை விதிக்கும் சட்டத்தையும் ஒரு மதத்தவருக்கு மட்டும் சலுகை தரும் சட்டத்தையும் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது. 1972 மே 22இல் பிறந்த குடியரசு அரசியலமைப்பில் அந்தப் பிரிவு மறைந்தது, முதன்மைத்தானம் வந்தது.

இங்கே என் தொழில்புத்தி ஒரு சொல்லில் சிக்கிக்கொள்கிறது. 1972இன் வாசகம் அரசு பாதுகாத்துப் பேண வேண்டியது ‘பௌத்த மதம்’ என்றது. 1978இல் அந்த இடத்தில் ‘பௌத்த சாசனம்’ வந்து உட்கார்ந்தது. மதம் என்பதை நம்பிக்கை, போதனை என்று சுருக்கிப் பொருள் கொள்ள இடமுண்டு. சாசனம் என்றால் தர்மத்தோடு சங்கமும் விகாரையும் தாதுகோபமும் விகாரைக் காணியும் சேர்ந்துவிடும். ஒரு சொல் மாறியபோது அரசின் கடமை மனிதரின் மனத்திலிருந்து மண்ணுக்கும் பரவியது. முல்லைத்தீவின் குருந்தூர்மலை போன்ற இடங்களில் தொல்லியலும் விகாரையும் ஆலயமும் ஒரே குன்றின் மேல் மோதும்போது அந்தச் சொல்லின் பாரம் தெரிகிறது.

முதல் வழி, இருப்பதை இருந்தபடி விடுவது. இதற்காகப் பேசியவர் எங்கள் அதிபர்தான் என்பது மற்றவர்களுக்கு வியப்பாக இருந்தது. அவருடைய வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் பௌத்தர்கள் ஏறத்தாழ 70 சதவீதம். 9ஆம் உறுப்புரையை மாற்ற 83ஆம் உறுப்புரையின்படி மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் வேண்டும். தோற்கும் என்று தெரிந்த மக்கள் தீர்ப்பைக் கேட்டு வாங்குவது, அடங்கியிருக்கும் பகையை ஊதி எரியவிடுவதாகும். நடைமுறையில் அரசு பிற மதங்களையும் கைவிடவில்லை. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ அலுவல்களுக்கு என்று தனித்தனித் திணைக்களங்கள் உண்டு. சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் ஹஜ் பெருநாளுக்கும் பெரிய வெள்ளிக்கும் விடுமுறை உண்டு. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமையைத் தூக்கிவிட்டுப் பௌத்தரின் புனித நாட்களான போயா நாட்களை வார விடுமுறையாக்கிப் பார்த்த அரசுதான், அது சரிவரவில்லை என்று கண்டதும் ஞாயிறுக்கே திரும்பியது. ஆகவே இந்த நாட்டில் சொல் ஒன்றாகவும் நடப்பு வேறாகவும் இருப்பது புதிதல்ல, நடப்பைப் பார்த்து வாழ்வோம் என்பது அதிபரின் நிலை.

இந்த வழியின் கோளாறு, அந்தச் சொல் எப்போது தூங்கும், எப்போது விழிக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதது. 2003இல் மென்சிங்கன் அருட்சகோதரிகள் தம் சபையைச் சட்டப்படி கூட்டிணைக்கக் கொண்டுவந்த சட்டமூலத்தை ஆராய்ந்த, நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம், மதத்தைப் பரப்புவது அரசியலமைப்பு அங்கீகரித்த அடிப்படை உரிமையன்று என்றும், அந்தச் சட்டமூலம் 9ஆம் உறுப்புரைக்கும் முரணானது என்றும் தீர்மானித்தது. பாடசாலையும் மருத்துவப் பணியும் நடத்தும் சகோதரிமார் அவர்கள். 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு இதை மதச் சுதந்திரத்தினதும் சமத்துவத்தினதும் மீறலாகக் கண்டது. இங்கே தீர்மானம் மாறவில்லை. அதே நீதிமன்றம் 2007இல், வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி பற்றிய வழக்கில், இலங்கை மதச்சார்பற்ற நாடு என்று எழுதியது. நான்கு ஆண்டுகளுக்குள் ஒரே அரசியலமைப்பின் கீழ் இரண்டு குரல்கள். எந்தக் குரல் நமக்கு வாய்க்கும் என்பது நம் அதிட்டம்.

அந்த 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு எனக்குக் கொஞ்சம் கிட்டிய விடயம். அது இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையே ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்றது; விசேட மத நிகழ்வுகளுக்கு அயலவரின் கருத்தைக் கேட்டு விலக்களிக்கவும் இடம் வைத்தது. ஒரு மார்கழியில், எங்கள் தெருக் கோயிலில் திருவெம்பாவை பத்து நாளும் விடியற்காலையில் ஒலிக்க அனுமதி கேட்டு, கோயில் காரியதரிசியோடு பொலிஸ் நிலையத்துக்கு நான் போனேன், கடிதத்தைச் சிங்களத்தில் எழுதியவன் என்ற முறையில். அயலவர் இருபத்திமூன்று பேரின் கையெழுத்தும் இணைத்திருந்தோம்; அவர்களில் நால்வர் பௌத்தர்கள், இருவர் முஸ்லிம்கள். பொறுப்பதிகாரி மிக மரியாதையாக எங்களை உட்காரவைத்து, மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருந்த தீர்ப்பின் பிரதியை விரலால் தொட்டுக் காட்டி, ஆறு மணிக்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பாடுங்கள் என்றார். விலக்குப் பற்றிய பந்தியைக் காட்டினேன். அது விசேட நிகழ்வுக்கு என்றார். இரண்டு வாரம் கழித்து அடுத்த வீதியில் விடிய விடியப் பௌத்தரின் பிரித் ஓதல் ஒலித்தது. அந்த ஓதலில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, சொல்லப்போனால் நான் நன்றாகவே தூங்கினேன். வேறொரு அலுவலாகப் போனபோது அதே அதிகாரியிடம் கேட்டேன். “அது பிரித்தானே, மஹத்தயா” என்றார். அவர் பகையோடு சொல்லவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னார். முதன்மைத்தானம் ஒரு மேசைக்கு வந்து சேரும்போது அது எடுக்கும் உருவம் இதுதான்: தடை எல்லோருக்கும் பொது, விலக்கு ஒருவருக்கு மட்டும் இயல்பு. வழிபாட்டிடங்களைப் புதிதாகக் கட்ட அமைச்சின் முன்அனுமதி வேண்டும் என்ற 2008ஆம் ஆண்டுச் சுற்றுநிருபம் சிறிய கிறிஸ்தவ சபைகளின் வீட்டு ஜெபக்கூடங்கள் வரை நீட்டப்பட்ட கதையும் இதே வகை.

இரண்டாவது வழி சுவர். அரசு எந்த மதத்தையும் தொடாது, எந்த மதமும் அரசைத் தொடாது. எங்கள் சட்டத்தரணித் தம்பிக்கு இதில்தான் நாட்டம், எனக்கும் இளவயதில் இதுவே சரியாகப் பட்டது. 1791இல் அமெரிக்கா தன் முதலாம் திருத்தத்தால் மதத்தை நிறுவும் சட்டத்தையும் மத அனுட்டானத்தைத் தடுக்கும் சட்டத்தையும் ஒருசேர விலக்கியது. அதை ஒரு ‘பிரிசுவர்’ என்று ஜெபர்சன் 1802இல் ஒரு கடிதத்தில் வருணித்தார். பிரான்சின் 1905ஆம் ஆண்டுச் சட்டம், குடியரசு எந்த மதத்தையும் அங்கீகரிப்பதுமில்லை, அதற்குச் சம்பளமோ மானியமோ கொடுப்பதுமில்லை என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவர் கட்டிய நாடுகளிலேயே அதில் வாசல்கள் உண்டு. ஜெபர்சனின் சுவரை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் பதித்த 1947ஆம் ஆண்டு எவர்சன் வழக்கிலேயே, கத்தோலிக்கப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளின் பஸ் கட்டணத்தை அரசு திருப்பிக் கொடுப்பது செல்லும் என்று முடிவாயிற்று. பிரான்சில் 1905க்கு முந்திய தேவாலயக் கட்டடங்கள் பெரும்பாலும் அரசினதும் நகரசபைகளினதும் சொத்து. அரசோடு ஒப்பந்தம் செய்த கத்தோலிக்கப் பாடசாலைகளின் ஆசிரியர்களுக்கு 1959 முதல் அரசே சம்பளம் கொடுக்கிறது. அதே பிரான்ஸ் 2004இல் அரச பாடசாலைகளில் முக்காடு உட்பட வெளிப்படையான மதச் சின்னங்களைத் தடை செய்தது. சுவருக்கு எந்தப் பக்கத்தில் பிள்ளையின் தலை இருக்கிறது என்பதை அங்கேயும் அரசுதான் தீர்மானிக்கிறது. நானா இதைக் கேட்டதும், “அப்ப அந்தச் சுவர் எங்கட புள்ளையள்ர தலையிலதான் விழும்” என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

இலங்கையில் சுவர் கட்டினால் நாம் இழப்பவை எவை என்று ஒரு பட்டியல் போடும்படி ஆசிரியை சொன்னார். அதுதான் அன்றைய மாலையின் மிகப் பயனுள்ள வேலை. சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாய பாடம். சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று அந்தந்தப் பிள்ளைக்கு அரசு நூல் அச்சடித்து இலவசமாகக் கொடுத்து, கற்பிக்க ஆசிரியருக்கும் சம்பளம் கொடுக்கிறது. சுவர் வந்தால் பௌத்தத்தோடு இவையும் போகும். பெரும்பான்மையின் பிள்ளைக்கு விகாரையின் அறநெறிப் பாடசாலை ஞாயிறுதோறும் ஊருக்கு ஊர் இருக்கிறது. மலையகத் தோட்டத்துப் பிள்ளைக்கோ மன்னார் மீனவக் கிராமத்துப் பிள்ளைக்கோ அதே அளவில் மாற்று ஏற்பாடு கிடைக்குமா? சுவர் இரு பக்கமும் சமமாக உயர்ந்தாலும், இரு பக்கத்து நிலமும் ஒரே மட்டத்தில் இல்லை.

நமக்குள்ளேயே சொல்லிக்கொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தபோது, கதவைச் சாத்தியவர்கள் சமயத்தின் பெயரால்தான் சாத்தினார்கள். அவர்களுக்கு எதிராக நின்ற கருவிகளில் ஒன்று 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், அதாவது கோயிலுக்குள் கை நீட்டிய ஓர் அரசுச் சட்டம். அரசு மதத்தைத் தொடவே கூடாது என்று அன்று எழுதியிருந்தால், அந்த வாக்கியம் சாத்திய கதவுக்குத்தான் காவல் நின்றிருக்கும். யாழ்ப்பாணத்துக் கதையை அதிபர் முன்னிலையில் சொல்லத் தயங்கினேன், அவரே தலையாட்டினார்.

மொழியும் இந்த வழிக்கு எதிரி. மதச்சார்பற்ற அரசு என்பதைச் சிங்களத்தில் வழக்கமாக ‘அனாகமிக ராஜ்ய’ என்று எழுதுகிறார்கள். அதைக் கேட்கும் ஒருவருக்கு மதமே இல்லாத அரசு, கொஞ்சம் தள்ளினால் மதத்துக்கு எதிரான அரசு என்றுதான் காதில் விழும். ‘லௌகிக’ என்ற சொல் இதைவிடப் பொருந்தும், ஆனால் அது பிடிபடவில்லை. இந்த ஒரு மொழிபெயர்ப்புக்கே ஒரு மக்கள் தீர்ப்பைத் தோற்கடிக்கும் வலு உண்டு என்பது என் தொழில் சார்ந்த அபிப்பிராயம். பெயர்ப்பலகையை மாற்றினால் மட்டும் உள்ளே இருப்பது மாறிவிடாது என்பதற்கு நேபாளம் சாட்சி: இந்து இராச்சியமாக இருந்த நாடு, 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பில் தன்னை மதச்சார்பற்றது என்று எழுதிக்கொண்டு, அந்தச் சொல்லுக்கு விளக்கமாகத் தொன்றுதொட்டு வரும் சமயத்தையும் பண்பாட்டையும் பாதுகாப்பதைச் சேர்த்து, பிறரை மதம் மாற்றுவதையும் தடை செய்துவிட்டது.

மூன்றாவது வழி இந்தியாவினது. அரசு எல்லா மதங்களிலிருந்தும் சம தூரத்தில் நின்று, வேண்டியபோது எல்லாவற்றிலும் தலையிடலாம். தமிழராகிய நமக்கு இது பழகிய முகம் என்பதால் கவர்ச்சி அதிகம். இந்திய அரசியலமைப்பின் 25ஆம் உறுப்புரை மதத்தைப் பரப்பும் உரிமையை வெளிப்படையாகவே சொல்கிறது, 27ஆம் உறுப்புரை ஒரு மதத்தை வளர்ப்பதற்கென வரி செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. மதச்சார்பின்மை என்ற சொல் முகவுரையில் சேர்ந்தது 1976இல்தான் என்றாலும் ஏற்பாடுகள் முன்பே இருந்தன. ஆனால் அங்கும் பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமையன்று என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சுருக்கியது. தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்து சமய அறநிலையத் துறை ஆயிரக்கணக்கான கோயில்களை நிர்வகிக்கிறது. இங்கே நம் கோயில்களைத் தர்மகர்த்தாக்கள் நடத்துகிறார்கள், பிணக்கு வந்தால் மாவட்ட நீதிமன்றம். கோயில் வழக்கு என்றால் பாட்டன் போட்டதைப் பேரன் முடிப்பான். அந்த அலுப்பில் ‘அரசே எடுத்து நடத்தட்டும்’ என்று சொல்பவர்களை செட்டியார் தெருவிலேயே கேட்டிருக்கிறேன். பெரும்பான்மை இந்துவாக உள்ள மாநிலத்தில் ஓர் அரசுத் துறை இந்துக் கோயிலை நடத்துவதும், பௌத்த சாசன அமைச்சின் கீழ் உள்ள ஒரு திணைக்களம் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரரை நடத்துவதும் ஒன்றாகுமா என்று மட்டும் அவர்களைக் கேட்பேன். சம தூரம் என்பது தூரத்தை அளப்பவரைப் பொறுத்தது. இந்த வழியை நாங்கள் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

நான்காவது வழி, முதன்மைத்தானம் என்ற சொல்லை இருக்கவிட்டு அதற்குக் கடிவாளம் போடுவது. 2017இல் அரசியலமைப்புப் பேரவையின் வழிப்படுத்தும் குழு வெளியிட்ட இடைக்கால அறிக்கையில் 9ஆம் உறுப்புரைக்கு இரண்டு மாற்று வாசகங்கள் இருந்தன. இரண்டிலும் முதன்மைத்தானம் இருந்தது, சாசனமும் இருந்தது. இரண்டாவதில் மட்டும், எல்லா மதங்களையும் நம்பிக்கைகளையும் கௌரவத்தோடும் பாகுபாடின்றியும் நடத்துதல் என்ற சொற்கள் சேர்ந்திருந்தன. மதச்சார்பற்ற அரசே தன் விருப்பம் என்று சொல்லிவந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கூட, இரு பெரும் கட்சிகளும் உடன்படும் முழுமையான தீர்வின் அங்கமாக முதன்மைத்தானத்தை ஏற்கத் தயார் என்றது. அந்த முயற்சி பாதியில் நின்றது. ஆயினும் அந்த இரண்டாவது வாசகம் இதுவரை எழுதப்பட்டவற்றில் வெல்லக்கூடியது என்பது என் எண்ணம்.

கௌரவச் சொல் ஒன்று அரசியலமைப்பில் இருப்பதே சுதந்திரத்தைக் கொன்றுவிடும் என்பதில்லை. இங்கிலாந்தில் அரசரே திருச்சபையின் தலைவர், பிரபுக்கள் சபையில் 26 ஆயர்களுக்கு ஆசனம் உண்டு. அதனால் இலண்டனில் தேர் ஓடாமல் இல்லை. அயர்லாந்தின் கதை நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. அதன் 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு, குடிமக்களில் பெரும்பாலானோரின் விசுவாசத்தின் காவலன் என்ற முறையில் கத்தோலிக்கத் திருச்சபைக்கு விசேட நிலையை வழங்கியிருந்தது. 1972 டிசம்பரில் நடந்த மக்கள் தீர்ப்பில் ஏறத்தாழ 84 சதவீதத்தினர் அந்தப் பிரிவை நீக்க வாக்களித்தனர். நாம் மே மாதத்தில் எழுதிச் சேர்த்ததை அவர்கள் அதே ஆண்டு டிசம்பரில் அழித்தார்கள். அதை அழித்தவர்களும் பெரும்பாலும் கத்தோலிக்கர்களே. அச்சொல் தமக்கு இனித் தேவையில்லை என்று பெரும்பான்மையே உணர்ந்த காலம் வந்தபோது அது போயிற்று. முப்பத்தைந்து ஆண்டு பிடித்தது.

ஆனால் வெறுமனே நல்ல சொற்களைச் சேர்ப்பதோடு நான்காவது வழி நின்றால், அது முதல் வழியின் இன்னொரு பிரதிதான். இதை எங்களுக்கு உணர்த்தியது பொரளைக் கனத்தை மயானத்தின் வேலி. 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி அறிவித்தல், கொவிட் தொற்றால் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயமாகத் தகனம் செய்யச் சொன்னது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும், அதை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றம் அந்த டிசம்பர் முதலாந் திகதி பெரும்பான்மை முடிவால் விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையும் பெற்றோரின் மறுப்பை மீறி எரிக்கப்பட்டதும், மக்கள் அந்த மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். நானாவோடு நானும் ஆசிரியையும் போனோம். அவர் கடையிலிருந்து எடுத்துவந்தது, முஸ்லிம்கள் இறந்தவரைப் போர்த்தும் கபன் துணி. அளந்து வெட்டும் பழக்கத்தில் எல்லாத் துண்டும் ஒரே நீளமாக இருந்தன. முடிச்சுப் போட அவருக்கு விரல் வரவில்லை. ஆசிரியைதான் கட்டினார். மறுநாள் அந்தத் துணிகள் அகற்றப்பட்டுவிட்டதாக அறிந்தோம். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது; அதன் பிறகும் முதலில் கிழக்கில் உள்ள ஓட்டமாவடி வரை கொண்டுபோக வேண்டியிருந்தது.

இந்தக் கொடுமைக்கு 9ஆம் உறுப்புரை காரணமாகக் காட்டப்படவில்லை. பொதுச் சுகாதாரம் என்ற, எந்த மதச்சார்பற்ற நாட்டின் சட்டத்திலும் இருக்கக்கூடிய சொல்தான் காட்டப்பட்டது. சுவர் இருந்திருந்தாலும் அது அந்தக் குழந்தையைக் காத்திராது. காத்திருக்கக்கூடியது, அறிவித்தலைப் பிறப்பித்தவர் தம் காரணத்தை நிரூபிக்கக் கடமைப்பட்டும், நீதிமன்றம் தன் காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டும் இருக்கும் ஏற்பாடு. நம் அரசியலமைப்பில் அந்த வாசல் குறுகலானது. சட்டமூலத்தை அது சட்டமாகுமுன் மட்டுமே கேள்வி கேட்கலாம். சட்டமானபின் எந்த நீதிமன்றமும் அதன் வலிதைக் கேள்வி கேட்கலாகாது என்கிறது 80(3). அதிகாரி ஒருவரின் செயலால் உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் கொழும்பு உயர் நீதிமன்றத்துக்கே வர வேண்டும். மொனராகலையில் ஜெபக்கூடம் மூடப்பட்ட ஒரு போதகருக்கோ, 2024இல் வவுனியாவின் வெடுக்குநாறிமலையில் சிவராத்திரி இரவில் கைதானவர்களுக்கோ அந்த ஒரு மாதம் எவ்வளவு குறுகியது என்பதை யோசிக்கலாம். சோல்பரியின் 29(2) பிரிவும் மலையகத் தமிழரின் பிரசாவுரிமையைக் காப்பாற்றவில்லை என்பது உண்மை. ஆனால் அதை வைத்து ஒரு சட்டத்தை நீதிமன்றத்தில் வாதாடவாவது முடிந்தது.

ஆகவே நான் எழுதிய வரைவு நான்காவது வழியை எடுத்து, அதோடு மூன்று நிபந்தனைகளைக் கோத்தது. முதன்மைத்தானம் இருக்கட்டும், ஆனால் அதை எந்த அதிகாரியும் எந்த நீதிமன்றமும் இன்னொரு மதத்தவரின் உரிமையைக் குறைக்கும் காரணமாகக் கொள்ளலாகாது என்று அதே உறுப்புரையில் எழுத வேண்டும், 29(2) சொன்னதையும் அங்கேயே சேர்க்க வேண்டும். வழிபாட்டிடத்துக்கான அனுமதி மத அமைச்சிடமிருந்து நீங்கி, வீட்டுக்கும் கடைக்கும் உள்ள சாதாரணக் கட்டட விதிகளின் கீழ் வர வேண்டும். சட்டமான பிறகும் ஒரு சட்டத்தை உரிமைகளின் அடிப்படையில் நீதிமன்றம் பரிசீலிக்கலாம், மனுவை மாகாண மட்டத்திலும் தாக்கல் செய்யலாம் என்று வர வேண்டும்.

மூன்றாவது நிபந்தனைதான் எங்களை அன்று இரவு ஒன்பதரை வரை இருத்தியது. சட்டங்களை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்றால், பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்ற 16ஆம் உறுப்புரையும் போக வேண்டும். அது போனால் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டமும், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையும், கண்டியச் சட்டமும் ஒரே தராசில் ஏறும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த சிறுமியின் விவாகத்தையும் காதி என்னும் முஸ்லிம் விவாக நீதிபதியின் அனுமதியோடு பதிவுசெய்ய இடம் தரும் சட்டத்தை முஸ்லிம் பெண்களே எத்தனையோ ஆண்டுகளாக எதிர்த்து வருகிறார்கள். மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் சம்மதம் கேட்கும் தேசவழமையும் அதற்குச் சளைத்ததன்று. அரசின் மேசையில் சமத்துவம் கேட்பவர்கள் தம் வீட்டுக்குள் அதற்கு விலக்குக் கேட்கலாமா என்று ஆசிரியை கேட்டார். நானா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “வயச மாத்துங்க, எனக்கும் பொம்புளப் புள்ளையள் இருக்கு. ஆனா காதிக் கோட்ட மூடுற அதிகாரத்த இவங்கட கையில குடுக்க ஏலாது. எரிச்சவங்க இவங்கதான்” என்றார். அதற்கு எங்களில் ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை.

கடைசியில் 16ஆம் உறுப்புரையை நீக்குவதற்கு ஐந்து ஆண்டு அவகாசமும், அந்தக் காலத்துக்குள் ஒவ்வொரு சமூகத்தின் தனியார் சட்டமும் அச்சமூகத்துப் பெண்கள் பாதிக்குக் குறையாத குழுவொன்றால் திருத்தப்பட வேண்டும் என்ற ஏற்பாடும் வரைவில் சேர்ந்தன. அதிபர் தேசவழமை பற்றிய வரியை இன்னொருமுறை வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டார். சட்டத்தரணித் தம்பி, மதச்சார்பற்ற அரசே தன் விருப்பம் என்று அடிக்குறிப்பாகச் சேர்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார். நானா தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, வீட்டில் மகள்மாருக்குக் காட்டிவிட்டு வருவதாகச் சொன்னார். சிங்களப் பிரதியை நான் இப்போது தயாரித்துக்கொண்டிருக்கிறேன். தம்பியின் அடிக்குறிப்பில் ‘லௌகிக’ என்றே எழுதியிருக்கிறேன்.